ரெண்டு பெல்

எங்கள் வரிசை வீடுகளில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் கிடையாது. ரைட்டு என்றால்தான் தெரியும். குழாயில் தண்ணி வந்துடுச்சுண்ணே என்றால் "ரைட்டு" என்பார். தண்ணி நின்னுபோச்சுண்ணே என்றாலும் "ரைட்டு"தான். ஒரு துக்க வீட்டில், "விடியக்காலம் மூச்சு நின்னுடுச்சுங்க" என்று மகன்காரன் அழ, இவர் வாய் தவறி "ரைட்டு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற சம்சாரத்திடம் முழங்கையால் இடி வாங்கினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். செத்தவன் எழுந்து வந்திருந்தாலும் அன்றைக்குச் சிரித்திருப்பான்.

நான் தையல்காரி. டிப்போவில் பாதிப் பேர் போட்டிருக்கிற காக்கி என் மிஷினில் தைத்தது. ரைட்டு வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே என் கத்தரிக்கோல் நின்றுவிடும். அப்படி இருந்தும் இந்த விஷயத்தில் பாதிதான் நான் கண்ணால் பார்த்தது. மீதி, ரைட்டு போய்ச் சேர்ந்த பிறகு, அவர் சம்சாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொன்னது. ஊசி ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை அவளுக்கு. அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ரைட்டு பஸ் டிரைவர். தலை நரைக்கும்வரை ஓட்டினவர். வண்டியை விட்டு இறங்கினாலும் வாய் வண்டியை விட்டு இறங்காது. சாயங்காலம் நாங்கள் வாசலில் காற்றுக்கு உட்கார்ந்திருந்தால் வந்து ஆரம்பித்துவிடுவார்.

"டிரைவருக்குக் கண்ணு முன்னால, காது பின்னாலம்மா. பின்னால என்ன நடக்குதுன்னு திரும்பிப் பாக்குறவன் டிரைவரே இல்ல."

"ஒருத்தன் தொங்கிட்டு இருந்தா?"

"அது கண்டக்டர் பாடு. ஒரு பெல் அடிச்சா நிறுத்தணும். ரெண்டு பெல் அடிச்சா எடுக்கணும். அவன் ரெண்டு அடிச்சான்னா சத்தியம் பண்ணின மாதிரி. அதைப் போய்ச் சந்தேகப்பட்டா வண்டி ஓட்ட முடியுமா?"

"பொண்டாட்டி சொல்றதை மட்டும் சந்தேகப்படுவாரு" என்று உள்ளேயிருந்து அவர் சம்சாரம் குரல் கொடுப்பாள். "நான் எத்தனை பெல் அடிச்சாலும் நகர மாட்டாரு."

அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகள், தலையணை உறைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வரும். நீராவியில் நின்று நின்று முகம் எப்போதும் இப்போதுதான் அழுது முடித்தவள் மாதிரி சிவந்திருக்கும். ஆனால் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுத்தக்காரி. வீட்டில் எந்த முடிவும் அவள் எடுப்பதுதான்.

ஒரே பெண். ஒன்பதாவது படித்தாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். சின்னதில் அப்பன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு காதை ரெண்டு தரம் இழுப்பாள். இழுத்தால்தான் வண்டி புறப்படும். ஒரு தரம் இழுத்தால் நின்றுவிடும். முட்டி தேயத் தேய அந்த மனுஷன் வராந்தா முழுக்க மண்டியிட்டுப் போவார்.

முதுகுவலி முற்றிப்போய், இனிமேல் நாள் முழுக்க சீட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, ரைட்டுவைத் தூக்கி மியூசியத்தில் போட்டார்கள். டிப்போவுக்குப் பின்னால் இருந்த பழைய ஷெட்டுக்கு வெள்ளையடித்து, விளக்கு போட்டு, ஓடி ஓய்ந்த வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். குதிரை இழுத்த டிராம், கரண்டில் ஓடின டிராம், மாடி பஸ், மர சீட்டு போட்ட பஸ். ஒவ்வொன்றையும் சுற்றிக் கயிறு. 'தொடாதீர்கள்' என்று பலகை. நாள் பூராவும் நம்மைச் சுமந்த வண்டியை நாமே தொடக்கூடாது என்றால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

அதில் ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் உயிர் இருந்தது. மூக்கு நீண்ட பழைய பஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அதில் ஏற்றி, மைதானத்தை ஒரு சுற்று சுற்றி இறக்கிவிட வேண்டும். அதுதான் ரைட்டுவுக்கு வேலை. முன்னால் டிரைவருக்குத் தனியாக ஒரு அறை, நடுவில் பலகைத் தடுப்பு. கண்ணாடி வலப்பக்கம், ஏறுகிற படி இடப்பக்கம். பின்னால் நடப்பது ஒன்றும் தெரியாது. கூரையோடு ஓடுகிற கயிற்றை இழுத்தால் அவர் தலைக்கு மேலே பித்தளை மணி அடிக்கும்.

"செத்த பஸ்ஸுக்கு டிரைவர் ஆயிட்டேன்" என்றார் முதல் நாள்.

"முதுகு வலிக்காம சம்பளம் வருதுல்ல, வாயை மூடிட்டுப் போங்க" என்றாள் சம்சாரம்.

கண்டக்டராக ஒரு ஆளைப் போட்டிருந்தார்கள். கண்டக்டரே இல்லை அவன். விழாக்களுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனியில் இருந்து வந்தவன். முந்தின மாசம் ஏதோ கடை வாசலில் கரடி வேஷம் போட்டு நின்றானாம். பழைய காலத்துத் தொப்பியும் தோல் பையும் மாட்டி, மீசை ஒட்டி விட்டிருந்தார்கள். ரைட்டு அவனுக்கு 'வேஷம்' என்று பெயர் வைத்தார். ஆனால் பெல் விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. முதல் வாரம் முழுக்க அவனை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"எல்லாரும் ஏறியாச்சான்னு நீ பாத்து ரெண்டு அடி. அடிக்காம நான் எடுக்க மாட்டேன். அடிச்சா எடுத்துடுவேன். புரியுதா?"

"இங்க என்ன சார் டிராபிக்கா இருக்கு? சும்மா ஒரு சுத்துதான சார்."

"சும்மா சுத்தற வண்டி ஆளை இடிக்காதா?"

பாப்பாவின் வகுப்பை மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று தெரிந்த நாளில் இருந்து ரைட்டுவுக்குத் தலைகால் புரியவில்லை. காக்கிச் சட்டையை என்னிடம் கொண்டுவந்து, காலர் நைந்துபோச்சு, திருப்பித் தைச்சுக் கொடு என்றார். புதுப் பட்டன் வேண்டும் என்றார். சம்சாரம் அதைச் சலவைக்கூடத்துக்கே எடுத்துப்போய், ஆஸ்பத்திரி விரிப்புக்கு நடுவில் வைத்து நீராவிப் பெட்டி போட்டுக் கொண்டுவந்தாள். மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும்.

"என்னண்ணே, மாப்பிள்ளை ஜோரு?"

"என் பொண்ணு கிளாஸு வருதும்மா. நாலு பேரு பாப்பாங்கல்ல."

பாப்பாவும் சும்மா இல்லை. எங்கப்பாதான் அந்த பஸ்ஸை ஓட்டுறாரு என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். மற்ற பிள்ளைகளின் அப்பன்களெல்லாம் கடை, ஆபீஸ், கார் என்று இருக்கிறவர்கள். அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்திருந்தது. தப்பா? நான் தப்பு சொல்லமாட்டேன்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஷெட்டில் தகரக் கூரை. உள்ளே நின்றால் வேகும். மைக்கைப் பிடித்து ஒரு பெண் டிராமின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டே பின்னால் போயிருக்கிறார்கள். "இதுல ஏசி கிடையாதா மிஸ்?" என்று ஒன்று கேட்டதாம். "சார்ஜர் எங்க சொருகுவாங்க?" என்று இன்னொன்று. கடைசியில்தான் பஸ் சவாரி. எல்லாம் முண்டியடித்து ஏறியது. டீச்சர் சின்ன வயசுக்காரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிற மாதிரி ஒரு போட்டோ வேணும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். தன் போனை வேஷத்திடம் கொடுத்து, கீழே இறங்கி எடுக்கச் சொல்லிவிட்டு, தான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். வேஷம் பின்னால் பின்னால் நகர்ந்து, எல்லாரும் பிரேமில் வரணும் என்று வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. எடுக்கவில்லை.

"உங்கப்பா தூங்கிட்டாரா?" என்றாள் பாப்பாவின் சிநேகிதி ஒருத்தி.

"இவங்கப்பா ஓட்டுறதை விட நாம நடந்தா சீக்கிரம் போயிடலாம்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாம் சிரித்தது. பாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கூரையில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப பாரு. நான் சொன்னா எங்கப்பா எடுப்பாரு."

ரெண்டு இழுப்பு இழுத்தாள்.

எடுத்துவிட்டார். தயங்கக்கூட இல்லை. ஏன் தயங்க வேண்டும்? ரெண்டு பெல்.

பள்ளிக்கூடத்து ஆயாம்மா அப்போதுதான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாகப் படியில் கால் வைத்திருந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். கையில் கேன் இருந்ததால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. விழுந்தாள். பின் சக்கரம் வலது பாதத்தில் ஏறி இறங்கியது.

பிள்ளைகள் கத்தின கத்தலில் ரைட்டு பிரேக் போட்டார். ஓடிவந்து பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நான் திருப்பித் தைத்த காலர் வரைக்கும் ரத்தம். ஆயாம்மா உயிர் பிழைத்தாள். பாதம் போய்விட்டது.

அன்று சாயங்காலமே கேள்வி ஆரம்பித்துவிட்டது. எதுக்கு வண்டியை எடுத்தே?

"ரெண்டு பெல் கேட்டுச்சு. எடுத்தேன்" என்றார் ரைட்டு.

வேஷம் சொன்னான், பெல்லே அடிக்கல சார். நான் கீழ நிக்கிறேன், எப்படி அடிப்பேன்? அவன் பயம் அவனுக்கு. கண்டக்டர் வண்டியை விட்டு இறங்கினதே குற்றம். பெல் அடித்ததென்றால் கயிற்றை விட்டுப்போனவன் அவன்தானே. டீச்சர் சொன்னாள், எனக்குக் கேக்கலீங்க, பிள்ளைங்க சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. அவளுக்கும் வேலை போகிற பயம். அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அவளுக்கு நிஜமாகவே கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளா? மூச்! பக்கத்தில் நின்று சிரித்த ரெண்டு பேரும் கண்ணால் பார்த்த விஷயம். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. சிநேகிதியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம். அந்த ஒற்றுமையைக் கொண்டுபோய் உடைப்பில் போட!

பாப்பா ரெண்டு நாள் காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, சலவைக்கூடத்துக்கே போய், நீராவிக்கு நடுவில் நின்ற அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, நான்தான் பெல் அடிச்சேன்."

அம்மாக்காரி இஸ்திரிப் பெட்டியை விரிப்பில் வைத்தது வைத்தபடி நின்றாளாம். விரிப்பு தீயும் வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தாளாம்.

"யாருகிட்ட சொன்னே?"

"யாருகிட்டயும் இல்ல."

"அப்பாகிட்ட?"

"இல்லம்மா. பயமா இருக்கு. நான் சொல்லிடறேம்மா. சொன்னா அப்பாவை விட்டுடுவாங்கல்ல?"

"போய் ஸ்கூலுக்குக் கிளம்பு. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காத."

அவள் நேராகச் சங்கத்துக்காரரிடம் போனாள். டிரைவர்களுக்காகப் பேசுகிற ஆள். அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சும்மா கேட்டாள், பெல் அடிச்சதுன்னு ஆனா என்ன ஆகும், அடிக்கலன்னா என்ன ஆகும் என்று.

"அடிச்சதுன்னா உன் புருஷன் மேல குத்தமில்ல. ஆனா அடிச்சது யாருன்னு கேப்பான். பிள்ளைங்கள்ல ஒண்ணுன்னா போலீஸ் வரைக்கும் போகும். ஸ்கூல்ல வெச்சுக்குவானா? ஆயாவோட மகனுங்க வேற ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு குதிக்கிறானுங்க, எவ கைன்னு தெரிஞ்சா ஒடிச்சுடுவோம்னு."

"அடிக்கலன்னா?"

"தானா எடுத்தான்னு ஆயிடும். வேலை போகும், பென்ஷனும் போகும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "இன்னொரு வழி இருக்கும்மா. காதுல கோளாறு, இல்லாத சத்தம் கேட்டிருக்குன்னு டாக்டர் எழுதிட்டா, அது குத்தம் இல்ல, வியாதி. வியாதின்னு ஓய்வு குடுத்துடுவாங்க. பென்ஷன் வரும். பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் டிப்போ குடுத்த வீட்டையும் விட்டுவெப்பாங்க. ஆனா உன் புருஷன் ஒத்துக்கணுமே. அந்தாளு கேட்டுச்சு கேட்டுச்சுன்னே நிக்கிறாரு."

"ஒத்துக்குவாரு" என்றாளாம் அவள்.

காஜா எடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "பாப்பாவுக்கு இனிமேதான் வாழ்க்கை. அவருக்கு அப்போ இன்னும் ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட். நீயா இருந்தா எதைப் பாப்பே?" எனக்கு வாயில் அசிங்கமாகத்தான் வந்தது. ஏன்டி, அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே தலையைக் கொடுத்திருப்பாரே! மகளுக்காக முட்டி தேய நடந்தவர், காது கேட்கவில்லை என்று ஒரு பொய் சொல்லமாட்டாரா?

அதையும் கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"அவருக்கு நடிக்க வராது. ஆபீசர் முகத்தைப் பாத்ததும் உளறிடுவாரு. நெசமாவே அப்படின்னு அவர் நம்பினாத்தான் காரியம் நடக்கும். பாப்பா வாயால வந்தா நம்புவாரு."

விசாரணையை மியூசியத்திலேயே வைத்தார்கள். துணைக்கு வா என்று என்னையும் கூப்பிட்டாள் அவள். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. டிராமுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, பெரிய ஆபீசரும் இன்னும் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ரைட்டு நின்றுகொண்டிருந்தார். உட்காருங்க என்று யாரும் சொல்லவில்லை. முதுகுவலிக்காரர்.

"ரெண்டு பெல் தெளிவாக் கேட்டுச்சுங்க ஐயா."

"வண்டிக்குள்ள அத்தனை பேர் இருந்தாங்க. ஒருத்தருக்கும் கேக்காத பெல் உனக்கு மட்டும் எப்படிய்யா கேட்டுச்சு?"

"மணி என் தலைக்கு மேலதானேங்க ஐயா இருக்கு. சத்தம் எனக்குத்தான் வரும்."

"அடிச்சது யாரு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் திரும்பிப் பாக்க முடியாதுங்க."

"இதையே எத்தனை தரம் சொல்வே?"

அப்போதுதான் ரைட்டு அதைச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"ஐயா, என் பொண்ணு வண்டிக்குள்ளதான் இருந்தா. அவளைக் கேளுங்க. என்னைக் காப்பாத்தறதுக்காகக்கூட அவ பொய் சொல்ல மாட்டா. அவ என்ன சொல்றாளோ, அதுக்கு நான் கட்டுப்படறேன்."

என் பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் என் கையைப் பிடித்தாள். பயத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்து நானும் தட்டிக்கொடுத்தேன்.

ஆள் அனுப்பி, பள்ளிக்கூடத்தில் இருந்து பாப்பாவைக் கூட்டிவந்தார்கள். டீச்சரும் கூடவே வந்தாள். பாப்பா மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். யூனிபார்ம் துணியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். ஆபீசர் நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"பயப்படாத சொல்லும்மா. வண்டி கிளம்பறதுக்கு முன்னால பெல் அடிச்சுதா?"

ரைட்டு மகளைப் பார்த்து, சொல்லு கண்ணு, சும்மா சொல்லு என்கிற மாதிரி தலையை ஆட்டினார். சிரித்த முகம். மகள் ஒப்பிக்க மேடையேறினால் அப்பன் கீழே நின்று பார்ப்பானே, அந்த முகம்.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள்.

"அடிக்கல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"அடிக்கல சார். அப்பாவா எடுத்துட்டாரு."

ரைட்டுவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் காதில் கை வைத்தார். வலது காதை உள்ளங்கையால் மூடி, எடுத்து, மறுபடி மூடினார். பிறகு ஆபீசரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்போ எனக்குத்தான் அப்படிக் கேட்டிருக்குங்க ஐயா."

அவ்வளவு நாள் கேட்டுச்சு கேட்டுச்சு என்று நின்ற மனுஷன், மகள் சொன்ன ஒரே சொல்லில் தன் காதை விட்டுக்கொடுத்துவிட்டார். சங்கத்துக்காரர் உடனே எழுந்து, ஐயா இது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம், டாக்டர்கிட்ட அனுப்புங்க என்றார். ஆபீசருக்கும் அதுவே வசதியாக இருந்தது. கேஸ் முடிந்தால் போதும் அவருக்கு.

காது பார்க்கிற இடத்தில் என்ன நடந்தது என்று ரைட்டுவே எனக்குச் சொன்னார். என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, நான் மிஷினை நிறுத்தும்வரைக்கும் காத்திருந்து சொன்னார். மிஷின் சத்தத்தில் அவருக்கே அவர் பேச்சில் நம்பிக்கை இல்லை.

"ஒரு பெட்டி மாதிரி ரூம்மா. கதவைச் சாத்திட்டா கொசு பறந்தாக்கூடத் தெரியும். காதுல மாட்டி விட்டுட்டு, கையில ஒரு பட்டனைக் குடுத்து, சத்தம் கேட்டா அழுத்துன்னாங்க."

"அழுத்தினீங்களா?"

"பெரிய சத்தத்துக்கெல்லாம் அழுத்தினேன். அப்புறம் குட்டிக் குட்டியா வந்துச்சு. வந்துச்சும்மா. இல்ல, வந்த மாதிரி இருந்துச்சு. நிஜமா வருதா, என் மண்டைக்குள்ள வருதான்னு தெரியலியே. இல்லாததுக்கு அழுத்திட்டா? ஏற்கெனவே ஒரு பொம்பளை காலு போச்சு. அழுத்தல. விட்டுட்டேன்."

"ஐயோ அண்ணே, கேட்டதைக் கேட்டுச்சுன்னு சொல்றதுக்கென்ன?"

"எது கேட்டதுன்னு யாரு சொல்றது?"

அழுத்தாத சத்தமெல்லாம் கேட்காத சத்தம் என்று கணக்கு. காது மந்தம், கூடவே இல்லாத இரைச்சல் என்று டாக்டர் எழுதிவிட்டார். வியாதி. ஓய்வு. அவர் சம்சாரம் போட்ட கணக்கு அப்படியே வந்தது, ஒரு இழைகூடப் பிசகவில்லை.

ஆயாம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ரைட்டு போனார். மகன்கள் வாசலிலேயே மறித்துத் திட்டினார்கள். செவிட்டுப் பயலுக்கு எதுக்குடா ஸ்டியரிங் என்றார்கள். கொண்டுபோன பழத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவந்தார். அந்த அம்மாள் படுத்திருந்த விரிப்பைத்தான் மறுநாள் அவர் சம்சாரம் சலவை செய்து மடித்திருப்பாள்.

அதற்குப் பிறகு அவர் ரைட்டு என்று சொல்வதே நின்றுபோனது. அண்ணே, தண்ணி வந்துடுச்சு என்றால், எழுந்து போய்க் குழாயைத் திறந்து, தண்ணியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார். கதவைத் தட்டினால் திறக்க மாட்டார். யாராவது தட்டினாங்களா என்று உள்ளே கேட்பார். ரோட்டில் பின்னால் ஹாரன் அடித்தால் ஒதுங்க மாட்டார். அடித்தது நிஜமா என்று யோசித்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஒரு தரம் சைக்கிள்காரன் ஒருவன் இடித்தே விட்டான். கடைக்குப் போவதையும் விட்டார். தெருவில் அவரைப் பார்த்தவர்கள் கத்திக் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். கத்தாதீங்கய்யா, கேக்குது என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை.

பாப்பா இளைத்துப்போனாள். படிப்பில் மட்டும் குறை வைக்கவில்லை. அதற்குத்தானே இத்தனையும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைத் தனியாகக் கவனித்தாளாம், பாவம், அப்பாவுக்கு இப்படி ஆயிடுச்சே என்று. அந்தப் பாவத்தைத் தாங்க முடியாமல்தான் அந்தப் பெண் வெடித்திருக்க வேண்டும். அது நடந்த அன்றைக்கு நான் ஊரில் இல்லை. இருந்திருந்தால் சுவர் வழியாகவே கேட்டிருப்பேன், ஓடிப்போய் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருப்பேன். நான் திரும்பி வந்தபோது வழக்கம்போலத் துணி காய்ந்துகொண்டிருந்தது, வழக்கம்போலக் கதவு சாத்தியிருந்தது. சம்சாரம் எனக்கு இதைச் சொன்னது அவரை எடுத்துப்போய் வருஷம் திரும்பின பிறகு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். விடுமுறை நாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மழையும் இல்லை, காற்றும் இல்லை, ரேடியோவும் போடவில்லை. சோற்றைப் பிசைகிற விரல் தட்டில் படுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு வீடு அமைதியாக இருந்ததாம். பாப்பா சாப்பிடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

அவர் நிமிரவில்லை. கூப்பிட்டாளா இல்லையா என்று யோசித்திருப்பார்.

"அப்பா, அன்னைக்கு பெல் அடிச்சுது. நான்தான் அடிச்சேன். ரெண்டு தரம் அடிச்சேன். உங்க காதுல ஒண்ணுமே இல்லப்பா. நான்தான் பொய் சொன்னேன்."

நன்றாகத்தான் சொன்னாளாம். தடுமாறாமல், முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக.

அவர் கை தட்டிலேயே நின்றது. மகளின் வாயையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டதாம். பிறகு மெல்லத் திரும்பி, சம்சாரத்தைப் பார்த்தார்.

"இவ இப்ப ஏதாவது சொன்னாளா?"

இந்த இடத்தில்தான், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் ஊசி நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பென்ஷன் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. அவரு நேரா கிளம்பி ஆபீசருகிட்ட போயிடுவாரு. எனக்கு அவரைத் தெரியும்" என்றாள்.

"நீ என்னடி சொன்னே?"

"இல்லையே, அவ வாயே திறக்கலியே, நீங்க சாப்பிடுங்கன்னேன்."

"அவரு?"

"அதானேன்னாரு. சாப்பிட்டுட்டுத் தண்ணி கேட்டாரு. பாப்பாதான் எழுந்து போய்க் கொண்டாந்து குடுத்தா."